புகைகூட வராத போர்டு

நாலு பேர் “அழகா இருக்கு” என்று சொல்லிவிட்டால் எனக்கு அதற்குமேல் மூளை வேலை செய்யாது. தொண்ணூறுகளின் கடைசியில், லிங்கராஜபுரத்தில் எலக்ட்ரானிக் தராசு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சர்க்யூட் போர்டு வரைந்தபோதும் அப்படித்தான்.

எனக்கு அதுதான் முதல் நாலடுக்கு போர்டு. சில்லுகளின் கால்கள் மேற்பரப்பில் ஒட்டி நிற்கும். மின்சாரமோ உள்ளடுக்கில் ஓடும். காலுக்குப் பக்கத்தில் செம்பு பூசிய பொடித் துளை போட்டால்தான் இரண்டும் சேரும். இணைக்க வேண்டியதையெல்லாம் கம்ப்யூட்டர் மஞ்சள் கோடுகளாகக் காட்டும். திரை நூடுல்ஸ் மாதிரி இருக்கிறதே என்று மின்சாரக் கோடுகளை மட்டும் மறைத்துவைத்தேன். (அப்புறம் பார்த்துக்கலாம்!) மறைத்ததை மறந்தேன். அந்தத் துளைகளில் ஒன்றுகூட இல்லாத போர்டு பளபளவென்று வந்திறங்கியது. ஆபீசே பாராட்டியது.

அன்றைக்கே கோயம்புத்தூரிலிருந்து ஒரு வியாபாரி வந்திருந்தார். “உங்க முன்னாலேயே ஆன் பண்றோம் சார்” என்று எங்கள் கன்னட முதலாளி பிரசாத், போர்டு மாட்டிய தராசின் சுவிட்சைத் தட்டினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

“ஏனம்மா இது, புகைகூட வரல்லையே!” என்று என் காதில் முனகினார் பிரசாத்.

வியாபாரி தன் கைப்பையைத் தராசில் வைத்துப் பார்த்தார். “ஏனுங்க, என்ற பை அவ்வளவு லேசுங்களா?”

நான் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். மறைத்த கோடுகள் மறைத்தபடியே இருந்தன. முதலாளியிடம் மெல்லச் சொன்னதும் அவர், “இவரைச் சாப்பிடக் கூட்டிட்டுப் போறேன். ஸ்வல்ப லேட்டாவே வர்றேன். ஏதாவது பண்ணும்மா” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மின்சாரம் உள்ளே வரும் கனெக்டரின் கம்பிகள் மட்டும் எல்லா அடுக்கையும் துளைத்து இறங்கியிருந்தன. அங்கிருந்து ஒவ்வொரு காலுக்கும் மெல்லிய கறுப்பு ஒயர் இழுத்து, நானும் கூட வேலை செய்த தெரசாவும் பற்றவைத்தோம். “அடியே, இந்தக் காலையும் விட்டுட்டியா?” என்று காலுக்குக் கால் திட்டினாள்.

அவர்கள் திரும்பி வந்ததும் சுவிட்சைப் போட்டேன். எண்கள் மின்னின! தெரசாவைக் கட்டிக்கொண்டேன். வியாபாரி குனிந்து பார்த்தார். “சடையெல்லாம் பின்னியிருக்கறீங்க. பூ வெக்கலீங்களா?” என்று சிரித்துக்கொண்டே ஆர்டர் கொடுத்தார்.

இதை வீட்டில் சொன்னது என் அடுத்த தப்பு. எனக்கு வரன் வந்தபோது ஃபோட்டோவைப் பார்த்த அப்பா, “ஆள் பளபளன்னு இருக்காரு. உள்ள கனெக்‌ஷன் இருக்கான்னு விசாரி” என்றார். அந்த வரனைத்தான் கட்டிக்கொண்டேன். இப்போதும் நான் கூப்பிடக் கூப்பிட அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தால், என் மகள் சொல்வாள்:

“விடும்மா, அப்பாவுக்குத் துளை போட மறந்துட்டாங்க.”