சோப்பு அண்ணாச்சியிடம் மாட்டிய இன்ஜின்

இந்த மும்பையில் அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரே ஆள் சோப்பு அண்ணாச்சிதான். ஓடுகிற ரயிலில் தொற்றிக்கொண்டு ஏறுகிற ஊர் இது. அந்த மனிதரோ வந்து நிற்கிற ரயிலையே ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கூட்டமா இருக்குவே, அடுத்ததுல போவோம்" என்பார். அவரிடம் போய் என் பள்ளிக்கூட வேனின் இன்ஜினைக் கொடுத்துவிட்டு நான் பட்ட பாடு என் விரோதிக்கும் வரக் கூடாது.

செம்பூரிலிருந்து தேவ்நார் பக்கம் திரும்பும் ஒரு சந்தில் அவருடைய ஒர்க்ஷாப். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மற்ற மெக்கானிக் கையில் ஸ்பேனர் இருந்தால் இவர் கையில் சோப்புத்தூள் வாளி இருக்கும். பிஸ்டன் ஏறி இறங்குகிற அந்த இரும்பு பிளாக்கை லேத்தில் கடைந்து வாங்கி வந்தால், பூட்டுவதற்கு முன்னால் எல்லோரும்தான் கழுவுவார்கள். டீசலை ஊற்றி, காற்றை அடித்து, ஒரு துடை துடைத்துவிட்டு மேற்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். அண்ணாச்சிக்கு வெந்நீர் வேண்டும். எண்ணெய் போகிற ஒவ்வொரு துளைக்கும் ஒரு பிரஷ் வேண்டும். கழுவிக் காயவைத்து, உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பார். துணியில் சாம்பல் நிறமாக ஒரு கோடு தெரிந்தாலும் மறுபடி வாளிதான்.

"எல்லாரும் டீசல்லதான கழுவுதாங்க, அண்ணாச்சி?"

"டீசலு அழுக்க எடம் மாத்தும்வே. சோப்புதான் வெளிய தள்ளும்."

துணியும் லேசுப்பட்ட துணியில்லை. மற்றவர்கள் துடைக்கிற பனியன் கழிவில் பஞ்சு உதிருமாம். நைந்த பருத்தி வேட்டிதான் வேண்டும். மும்பையில் வேட்டிக்கு எங்கே போவது? அதற்காகவே நம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற மாட்டுங்காவுக்கு பஸ் ஏறுவார். அங்கே எந்த மாமாவின் வேட்டி கிழியப் போகிறது என்பது மாமிக்குத் தெரிவதற்கு முன்னால் அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடும்.

அப்போது ஜூன் மாதம். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அன்று காலை வேன் வந்து நிற்காவிட்டால் பிள்ளைகளை வேறு வேனில் சேர்த்துவிடுவோம் என்று பெற்றோர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஒருமுறை வேறு வேனில் ஏறிய பிள்ளை அந்த வருஷம் முழுக்கத் திரும்பி வராது. எனக்குப் பிழைப்பே அதுதான். இதையெல்லாம் அண்ணாச்சியிடம் நயமாகச் சொன்னேன், கும்பிட்டுச் சொன்னேன், கத்தியும் சொன்னேன்.

"பேரண்ட்ஸ் ஃபோன் மேல ஃபோன் போடுதாங்க அண்ணாச்சி."

"போடட்டும். ஃபோனு அவுகளதுதான?"

வெள்ளிக்கிழமை துணியில் கோடு. சனிக்கிழமையும் கோடு. சந்தில் காலையில் கொஞ்ச நேரம் வருகிற தண்ணீரை இவர் டிரம் டிரம்மாகப் பிடித்துவிட, பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாள் வாசலில் வந்து நின்று, மனுஷனுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, இரும்புக்கு இங்கே குளியலா என்று சண்டை பிடித்தாள். அண்ணாச்சி அவளுக்கு ஒரு குடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் இரும்பைக் குளிப்பாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி எண்ணெய் பூசிப் பூட்ட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து என் மனைவி செல்வி முருகன் கோயிலிலிருந்து பிரசாதத்தோடு நேரே ஒர்க்ஷாப்புக்கு வந்து சேர்ந்தாள். புது வண்டிக்குப் பொட்டு வைப்பதில்லையா, அது மாதிரி நல்ல காரியமாகத் தொடங்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் பிளாக்கின் நெற்றியில் பட்டையாக விபூதி பூசி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டாள். கையில் மிஞ்சிய விபூதியைத் தட்டினாள் பாருங்கள், அது மொத்தமும் பிஸ்டன் போகிற குழிக்குள் விழுந்தது.

அண்ணாச்சி வெள்ளைத் துணியைக் கீழே வைத்தார். அவர் நெற்றியிலும் அதே பட்டைதான். கையெடுத்துக் கும்பிட்டார். "தாயி, சாமி மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா சாம்பல் உள்ள போனா பிஸ்டன அறுத்துப்போடும்."

அதோடு விட்டாரா? விபூதி கலந்த தண்ணீர் சாக்கடையில் போகக் கூடாதாம். கோயில் அரசமரத்தடியில்தான் ஊற்ற வேண்டுமாம், சோப்புத் தண்ணீர் மரத்துக்கு ஆகாதாம். அதனால் முதலில் வெறும் தண்ணீரில் அலசி, அதை வாளியில் பிடித்து, அங்கே ஊற்றக் கிளம்பினார். நடந்தேதான் போனார். வழியில் யாரோ கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அதையும் குடித்திருக்கிறார். ஜூன் மாதத்து ஈரக்காற்றில் வெற்று இரும்பு சும்மா இருக்குமா? அவர் வருவதற்குள் பிளாக் முழுக்க மஞ்சளாகத் துரு பூத்துவிட்டது. வந்து பார்த்தார். மறுபடி வெந்நீர் வைக்கப் போனார்.

எனக்கு மண்டைக்குள் என்னமோ ஆகிவிட்டது.

"நீரு மனுசன்தானா? நாளைக்கு ஸ்கூலுவே."

"மழையில நடுரோட்டுல வண்டி நின்னா பிள்ளையள்லாம் எங்க போவும்?"

"வண்டியே இல்லாம எங்க போவும்? அதச் சொல்லும் மொதல்ல."

 ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தார். இருக்கிற எரிச்சலில் யாரிடம் பேசுகிறார் என்றுகூட நான் கேட்கவில்லை. இந்த ஆள் முகத்திலேயே இனி விழிக்கக் கூடாது என்று செல்வியை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கள் காலை. புதுப் பையும் ரெயின்கோட்டுமாகப் பிள்ளைகள் பில்டிங் வாசலில் நிற்கிறார்கள். பெற்றோர்கள் என்னைப் பார்க்கிற பார்வையில் நான் குறுகி நிற்கிறேன். அப்போது ஒரு வேன் வந்தது. பின்னாலேயே இரண்டு ஆட்டோ. மூன்று டிரைவர்களையும் நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

வேன்காரர் தலையை நீட்டினார். "சோப்புகிட்ட மாட்டுனது நீதானா? அண்ணாச்சி போவச் சொன்னாரு. பிள்ளையள ஏத்து."

பிள்ளைகள் மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். என் வேன் கைக்கு வந்தது வியாழக்கிழமை. அதுவரை அந்த மூன்று பேரும் தினமும் வந்தார்கள். ஒரு பிள்ளைகூட வேறு வேனுக்குப் போகவில்லை.

புதன்கிழமை, பிள்ளைகளை இறக்கிவிட்டு ஸ்கூல் வாசலில் நால்வரும் அரை கிளாஸ் கட்டிங் சாய் குடித்தோம். மூவரும் எனக்கு முன்னாலேயே அவரிடம் வண்டியைக் கொடுத்து மாட்டியவர்கள், அதனால் பேச்சு அண்ணாச்சியைப் பற்றித்தான்.

"என் தீவாளி சவாரி முழுக்கப் போச்சுவே அந்தாளால" என்றார் வேன்காரர்.

"துணி பத்தலன்னு எங்க மாமனார் கல்யாண வேட்டியக் கிழிச்சிட்டாருய்யா" என்றான் ஓர் ஆட்டோக்காரன்.

நான் விபூதிக் கதையைச் சொன்னேன். இதற்காகவே காத்திருந்த மாதிரி ஆளுக்கு ஆள் இந்தியிலும் தமிழிலும் மாற்றி மாற்றித் திட்டினோம். கேட்டுக்கொண்டிருந்த ஸ்கூல் வாட்ச்மேன் சிரித்துவிட்டு, "பூரா பாகல் ஹை க்யா வோ ஆத்மி?" என்றான், அந்த ஆள் முழுப் பைத்தியமா என்று.

வேன்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். "முஹ் சம்பால் கே பாத் கர். ஹமாரா அண்ணாச்சி ஹை." வாயை அடக்கிப் பேசு, அவர் எங்கள் அண்ணாச்சி என்று அதட்டினார்.

வாட்ச்மேன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அத்தனை நேரமும் நாங்கள் சொன்னதைத்தான் அவனும் சொன்னான். ஆனாலும் அவன் சட்டையைப் பிடிக்க முதலில் எழுந்தவன் நான்தான்.