முன்னாள் மேயரின் சொந்தக் கருத்து

“வரியைக் குறைக்கணும்!” என்று அடுக்களையிலிருந்து எனிட் அம்மாள் குரல் கொடுத்தார்.

“கூட்டணும்! கூட்டி ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கணும். எழுதிக்கோம்மா” என்றார் அவர் கணவர் ஹியூபர்ட், அந்த லங்காஷயர் ஊரின் முன்னாள் மேயர்.

கிளெனிஸ் கையடக்கக் கணினியில் எழுதிக்கொண்டாள். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பது அவள் வேலை. இந்த வட்டாரத்தில் இதுதான் கடைசி வீடு, கெடு மாலை ஐந்து மணி. அலுவலகக் குலுக்கலில் சீட்டு விழுந்த வீடு கைநழுவினால் பக்கத்து வீட்டில் கேட்டு ஒப்பேற்ற முடியாது. பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒரு வீட்டையும் கோட்டை விட்டதில்லை.

“இத்தனை கோடிப் பேர்ல என்னைத் தேடி வந்திருக்கீங்கன்னா சும்மாவா!” என்றார் ஹியூபர்ட்.

“வீட்டுல யாருக்கு அடுத்து பிறந்தநாள் வருதோ அவங்களைக் கேக்கணும்னு விதி, சார். உங்களுக்கு ஒம்பதாம் தேதி வருது, அதான்.”

அது அவர் காதில் ஏறவில்லை. கிளெனிஸ் அடுத்த கேள்வியைப் படித்தாள்: நாட்டுக்கு அரச குடும்பம் வேண்டுமா?

“அரண்மனை இல்லாம நாடு ஒரு நாடா?” என்றது அடுக்களை.

“தண்டச் செலவு!” என்றார் ஹியூபர்ட். அவர் தலைக்கு மேலே சுவரில், அரச குடும்பத்தாரோடு அவர் குனிந்து கை குலுக்கும் படம்.

வேறொருவர் கருத்து பதிலில் கலந்தால் பேட்டி செல்லாது. கிளெனிஸ் எழுந்து போய், “அம்மா, கொஞ்ச நேரம் தோட்டத்துல இருக்க முடியுமா?” என்றாள்.

“அதுக்கென்ன கண்ணு, தக்காளி பறிக்கிற வேலை கிடக்கு.”

வீடு அமைதியானது. மேயரும் அமைதியானார்.

“ரயில் அரசாங்கத்துக்கிட்ட இருக்கணுமா, தனியார்கிட்டயா?”

“ம்... தெரியாது.”

“வெளிநாட்டுக்காரங்க இங்க வந்து குடியேறலாமா?”

“தெரியாது.” காலி அடுக்களையை எட்டிப் பார்த்தார். “மத்தவங்க என்ன சொல்றாங்க?”

“அதைச் சொல்லக் கூடாது, சார்.”

விளக்கவும் கூடாது. ஒரு எழுத்து மாறாமல், புருவம்கூட அசையாமல், அதே கேள்வியை அவள் மூன்று தடவை படித்தாள். அரசியல்வாதிகளில் ஒருவருக்காவது அந்தப் பொறுமை இருந்தால் நாடு உருப்பட்டிருக்கும். ஆனால் ‘தெரியாது’ என்ற பதில்கள் ஆறு ஆகிவிட்டன. பத்தைத் தொட்டால் அலுவலகம் பேட்டியையே குப்பையில் போட்டுவிடும். மணி நாலே முக்கால்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. எனிட் அம்மாள் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தார். மழையில் நிற்கச் சொல்ல கிளெனிஸுக்கு மனம் வரவில்லை. வாசல் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு, ரயில் கேள்வியையும் குடியேற்றக் கேள்வியையும் மறுபடி படித்தாள்.

“ரயிலைத் தனியார்கிட்டயே விடுங்க! வெளிநாட்டுக்காரன் ஒருத்தனையும் உள்ள விடாதீங்க!” என்று வாசலிலிருந்து வந்தது.

“தாராளமா வரட்டும்!” மேயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ரயிலும் அரசாங்கத்துக்கிட்டதான் இருக்கணும்! விட்ட கேள்வியெல்லாம் திரும்பக் கேளும்மா!”

நாலு அம்பத்தெட்டுக்குப் பேட்டி முடிந்தது. கடைசிக் கட்டம் கிளெனிஸ் நிரப்ப வேண்டியது: பதில்களில் மற்றவர் செல்வாக்கு இருந்ததா? அவள் நேர்மையாக யோசித்தாள். மனைவி சொன்னதை மனிதர் ஒன்றுகூட ஏற்கவில்லையே. ‘இல்லை. சுயமாகச் சிந்திப்பவர்’ என்று எழுதி அனுப்பினாள்.

எனிட் அம்மாள் குடை பிடித்து வெளிவாசல்வரை வந்தார். வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“நாப்பது வருஷமா நான் நினைக்கிறதுக்கு நேர்மாறாத்தான் கத்திக்கிட்டிருக்கேன், கண்ணு. நான் நினைச்சதையெல்லாம் ஒண்ணு விடாம சொல்லிட்டாரா?”