கசங்காத மெத்தைகள்

"சேச்சி, கொச்சவுதா அப்பச்சன் கட்டில்ல உட்கார்ந்துட்டாரு. விரிப்பு கசங்கிடுச்சு" என்று ஓட்டுநர் பைலி வந்து சொன்னபோது மணி ஒன்பது.

கேரளத்தின் பாலாவில் இருந்த அந்த முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர் சோசம்மா கூடத்துக்கு ஓடினாள். பதினொரு மணிக்குச் சுகாதார அதிகாரி வருகிறார். போன தடவை ஒரே ஒரு கறைக்காக எச்சரிக்கை எழுதினார்கள். இந்தத் தடவை உரிமமே போய்விடும்.

"யாரும் கட்டில்ல உட்காரக் கூடாது!"

இருபத்து மூன்று பேரும் எழுந்து சுவரில் சாய்ந்தார்கள். புது வெள்ளையில் வரிசையாக எண்ணெய்த் தலைகள் பதிந்தன. சாயக் கூடாது என்றதும் கழிப்பறைக்குப் போனார்கள். சோசம்மா ஓடிப்போய் அதையும் பூட்டினாள்.

"அப்ப நாங்க எங்கதான்டி போறது?" என்றாள் ஏலிக்குட்டி அம்மச்சி.

அந்தக் கேள்வியிலேயே சோசம்மாவுக்கு விடை கிடைத்தது.

"பைலி, எல்லாரையும் வண்டியில ஏத்தி ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போ. ஒரு மணி வரைக்கும் இந்தப் பக்கமே வராதே. இன்னிக்குப் புதுசா ஒரு அப்பச்சன் சேர வர்றாரு. மகன் விமானத்துக்கு நேரமாச்சுன்னு கேட்டுலயே இறக்கிவிட்டுட்டுப் போயிடுவான். அவரையும் அள்ளிப் போட்டுக்கோ."

"வரமாட்டேன்னா?"

"முதல் நாள் எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. விடாதே."

பத்து மணிக்கு வண்டி போனது. இல்லம் அவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை. அந்த நிசப்தம் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

பத்தே முக்காலுக்கு, கஞ்சி போட்ட வேட்டியும் தங்கக் கண்ணாடியுமாக ஒருவர் உள்ளே வந்தார். கழிப்பறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஜன்னல் கம்பியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"மீன் கறிக்குக் குடம்புளிதானே போடுறீங்க?"

"வேற எதுவும் தொடமாட்டோம் சார்."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னலோரக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்தார். இப்படியொரு கறாரான சோதனையைச் சோசம்மா கண்டதில்லை.

"சாருக்குத் திருப்திதானே?"

"ரொம்பப் பிடிச்சுப் போச்சு" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சோசம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். கைபேசி அடித்தது. பைலி.

"சேச்சி, புது அப்பச்சன் ரொம்ப முரண்டு. பத்து மணிக்கே கேட்டுல வந்து நின்னாரு, தூக்கித்தான் வண்டியில போட்டோம். நாலு பேரு பிடிச்சு ஆத்துல சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, நகமும் வெட்டியாச்சு. இப்ப அழுதுக்கிட்டே ஏதோ சர்க்கார் ஃபைல்ல நம்ம இல்லத்தோட பேரை எழுதிட்டிருக்காரு."