பதினான்கு சீட்டும் பச்சைக் கோடும்

கல்லூரியில் மனோதத்துவம் நடத்தும் மைத்துனனுக்கு, நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி, சுகமில்லாத அத்தான் எழுதுவது.

நீ சொன்ன ஒரு வார்த்தையால் உன் அக்கா என்னை விட்டு உன் வீட்டுக்கு வந்து பத்தொன்பது நாளாகிறது. இது நீ எனக்குச் செய்த அநியாயம்.

தையல் மெஷின் பழுது பார்ப்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. செய்தித்தாளை விரித்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வரிசையாக வைத்தால் கோளாறு தானே கண்ணில் படும். உன் அக்கா மூன்று மாதமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோதும் அதைத்தான் செய்தேன். அவள் கோபத்தைப் பதினான்கு சீட்டில் பிரித்து எழுதிச் சாப்பாட்டு மேஜையில் அடுக்கினேன். முழங்கால் வலி ஒரு சீட்டு. கிறீச்சிடும் வாசல் கதவு ஒரு சீட்டு. என் குறட்டை ஒரு சீட்டு, அதை மட்டும் சின்ன எழுத்தில். தைலம் வாங்கினேன், கீலுக்கு எண்ணெய் விட்டேன், கூடத்தில் படுத்தேன். பதினான்கையும் பச்சை மையால் அடித்துவிட்டு, "இன்னும் எது பாக்கி, சொல்லு" என்றேன். "நான்தாங்க பாக்கி" என்றாள். அப்படி ஒரு சீட்டே இல்லையே என்று நான் மேஜைக்கடியில் தேடும்போதுதான் நீ வந்து நின்றாய்.

"அத்தான், மனசு மெஷின் இல்ல. பிரிச்சுப் போட்டா உதிரிதான் மிஞ்சும். அக்காவ முழுசாப் பாருங்க."

"முழுசா எங்கடா பாக்கறது? கோளாறு ஏதோ ஒரு திருகுலதானே இருக்கும்?"

இந்த வாக்குவாதத்தில் நான் தோற்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம், பெட்டியையும் காணோம். எண்ணெய் விட்ட கதவு, அவள் போன சத்தமே கேட்கவில்லை.

சோறு தொண்டையில் இறங்கவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். தூக்கம் வரவில்லை, தலையணையைப் பிரித்துப் பார்த்தேன், பஞ்சிலும் ஒன்றுமில்லை. இப்போது தலையணையும் இல்லை.

உன் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கி எழ என் ஆசி. ஆகவே நடக்க வேண்டியது: நீ உன் வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும். உன் மனைவி பெட்டியைக் கட்டிக் கொடுக்க வேண்டும். உன் அக்கா ஞாயிறு காலை வண்டியில் வந்து, பதினைந்தாவது சீட்டில் என்ன எழுதுவதென்று சொல்ல வேண்டும். நான் செய்ய வேண்டியது எதுவுமில்லை.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்

பி.கு.: மேலே சொன்ன எதையும் யாரும் செய்ய வேண்டாம். ஞாயிறு வண்டியில் நானே வருகிறேன். திருப்புளியைக் கொண்டுவரமாட்டேன் என்று அவளிடம் சொல்.