கிலோவாட்டு அண்ணன் வெட்டிய கோயில் கதவு

மலேசியாவின் திகாம் பத்துவில் கிலோவாட்டு அண்ணன் தன் கடைப் பெயரைப் பொறிக்காத இரும்புச் சாமான் ஒன்றுகூடக் கிடையாது. ரயில் தண்டவாளம் மட்டும் தப்பியது. அதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவர வழியில்லை.

லேசரில் இரும்பு வெட்டும் கடை அவருடையது. நான் அங்கே கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். ‘மூணு கிலோவாட் மெஷின்’ என்று சொல்லாமல் அவரால் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்ல முடியாது. சாவு வீட்டுக்குப் போனவர் சவப்பெட்டியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்து, “இதெல்லாம் நம்ம மெஷினுக்கு வெண்ணெய்லா” என்றார்.

ஒருநாள் வீட்டுத் தோசைக்கல்லில் கடைப் பெயரையும் போன் நம்பரையும் ஆழமாகப் பொறித்துவிட்டார். அன்றுமுதல் ஒவ்வொரு தோசையும் விளம்பரத்தோடு வந்தது, எழுத்து மட்டும் இடவலமாகத் திரும்பி. அவர் மனைவி தட்டோடு கடைக்கே வந்துவிட்டார்.

“நான் சாப்பிடறது தோசையா, உங்க விசிட்டிங் கார்டா?”

அண்ணன் தோசையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “நம்பர் எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாரு!”

இப்பேர்ப்பட்டவரிடம்தான் கோயில் தலைவர் இரும்புக் கதவு செய்யக் கொடுத்தார். முருகனின் வேல் ஒரு சாண்; அதன் கீழே தலைவர் பெயர் ஒரு முழம். பக்தி அப்படி.

தகட்டில் எழுத்தைத் துளையாக வெட்டும்போது, சுழிக்குள் இருக்கும் இரும்பு விழாமலிருக்கச் சின்னதாக ஓர் இணைப்பு விடவேண்டும். விட்டிருந்தேன். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

“என்னம்மா இது? மூணு கிலோவாட் மெஷினுக்கு ஊன்றுகோல் குடுக்கறியா?”

“அது இல்லாட்டி சுழியெல்லாம் விழுந்துடும்ணே.”

“இரும்பு என் பேச்சைக் கேக்கும்லா.”

இணைப்பை எல்லாம் அழித்துவிட்டு வெட்டினார். இரும்பு கேட்கவில்லை. சுழிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. “தூரத்துல நின்னு பாத்தா சரியா இருக்கும்” என்று கதவை லோரியில் ஏற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கோயிலில் ஊரே கூடியிருந்தது. தலைவர் தூரத்திலும் பார்த்தார், கிட்டத்திலும் பார்த்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எலி கடித்த மாதிரி ஓட்டைகள்.

“இந்தப் பொண்ணு போட்ட டிசைன்தானே? முதல்ல இவளை வேலையை விட்டு அனுப்புங்க!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் எப்படியும் தலையாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் எனக்கு முன்னால் வந்து நின்றார். “புள்ள சரியாத்தான் போட்டுச்சு, தலைவரே. சொல்லியும் கேக்காம வெட்டினது நான். தப்பு என்னோடது.”

வேறு கதவு வெட்டி மாட்டினார். அதன்பிறகும் எத்தனையோ தகட்டைப் பாழாக்கினார். பழி எல்லாம் கரண்டுக்கும் மழைக்கும் சீனாக்காரன் விற்ற இரும்புக்கும் போனது. தன் தப்பு என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் எனக்காக.