மாமனார் மூச்சுக்கு ஒரு ஜெனரேட்டர்

"எத்தனை வாட்ஸ் சார் வேணும்?" என்று கடைக்காரர் கேட்டதும் நூலகருக்கு வியர்த்துவிட்டது.

"ஒரு ஆள் மூச்சு விடுற அளவுக்கு."

கடைக்காரர் தூசி தட்டிக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். இருபது வருஷமாக ஜெனரேட்டர் விற்கிறார். இப்படி ஒரு அளவை யாரும் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். போன மாதம் நூலகர் ஒரு பழைய கேம்பிங் டிரெய்லர் வாங்கினார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற குட்டி வீடு. உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, திரும்பினால் முழங்கை இடிக்கிற குளியலறை. வருகிற வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில் போய் மூன்று நாள் தங்குவதாகத் திட்டம். அங்கே கரண்ட் கிடையாது, ஆள் நடமாட்டம் கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. அந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் நூலகர் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார். நூலகத்தில் யாராவது இருமினால்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கிற மனுஷன்.

அவர் மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "அப்பா அம்மாவும் வரணும்."

மாமனாருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற கோளாறு. மின் நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எதைக் கேட்டாலும் "ம்" என்பதோடு சரி. அவர் மூக்கில் மாஸ்க் மாட்டி, ராத்திரி முழுக்கக் காற்று ஊத ஒரு மெஷின் உண்டு. அது வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் நடந்த கூத்தைத் தெருவே அறியும். மாமியார் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தூங்குகிறவரை உலுக்கி எழுப்பி, "என்னங்க, மூச்சு வருதா?" என்று கேட்பார். வருகிறது என்று பதில் வந்தால் படுப்பார். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்பார். ஒரு வருஷம் இரண்டு பேரும் கருவளையமும் கொட்டாவியுமாக நடமாடினார்கள். மெஷின் வந்த பிறகுதான் வீடு அடங்கியது. மாமனாரும் காலையில் நடக்க ஆரம்பித்து, தொப்பை கரைந்து, பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார்.

"ஏரிக்கரையில கரண்ட் கிடையாதாமே, இனிமே மாமாவோட மூச்சு உங்க கையிலதான் இருக்கு மாப்பிள்ளை" என்று மாமியார் சாதாரணமாகத்தான் சொன்னார். நூலகருக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

"அந்த மெஷினுக்கு இந்தச் சின்னது தாராளமா போதும் சார்," என்றார் கடைக்காரர். "சத்தமே வராது. ஒத்தைக் கையால தூக்கலாம்."

"தாராளமான்னா எவ்வளவு தாராளம்?"

"பத்து மாமனார் மூச்சு விடலாம்."

"நடுவுல நின்னுட்டா?"

"எதுக்கு சார் நிக்கப்போகுது?"

"நிக்காதுன்னு எழுதித் தருவீங்களா?"

கடைக்காரர் எழுதித்தரவில்லை. ஆகவே நூலகர் கடையிலேயே பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்தார். அதை வண்டியில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது.

டிரெய்லரின் பின்பக்கம் ஒரு இரும்புத் தட்டு அடித்து அதை உட்கார வைத்தார் வெல்டர். காரிலிருந்து டிரெய்லரைக் கழற்றியதுதான் தாமதம், வால் தரையில் உட்கார்ந்தது, மூக்கு வானத்தைப் பார்த்தது. உள்ளே கட்டிலில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த நூலகரின் மனைவி சறுக்கிக்கொண்டு போய்க் குளியலறைக்குள் நின்றாள்.

"என்னங்க பண்றீங்க அங்க?"

"ஒண்ணுமில்லம்மா, கனம் பார்க்கறோம்."

"பார்த்தாச்சுன்னா என்னை வந்து வெளிய எடுங்க!"

"பின்னாடி இவ்வளவு கனம் வெச்சா மூக்கு தூக்கத்தான் செய்யும் சார்," என்றார் வெல்டர், தட்டை அடித்தது வேறு யாரோ மாதிரி. "முன்னாடி மாத்திடலாம்."

முன்னால் கேஸ் சிலிண்டர் இருந்தது. சூடாகிற எஞ்சினைச் சிலிண்டர் பக்கத்தில் வைப்பதா? நூலகர் அன்று ராத்திரி ஜெனரேட்டரின் கையேட்டைப் படித்தார். எச்சரிக்கை மட்டும் பதினோரு பக்கம். மறுநாள் காலை சிலிண்டர் பின்னால் போயிற்று, ஜெனரேட்டர் முன்னால் வந்தது. முன்பக்கம்தான் மாமனார் படுக்கிற கட்டில். கட்டிலுக்கு நேர் மேலே ஜன்னல்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் சோதனை. நூலகர் ஜெனரேட்டரைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். அது எழுப்பிய சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. தெருநாய்கள் தெருவையே காலி செய்தன. எதிர்வீட்டுத் தையல்காரம்மா காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"டிரெய்லரா, ஹெலிகாப்டரா? கிளம்பறதுன்னா சீக்கிரம் கிளம்பிடுங்க சார்!"

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த மாமியார் மட்டும், அத்தனை இரைச்சலிலும் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகை நேராகக் கட்டில் ஜன்னலுக்குள் போனது. நூலகர் முந்தின நாள் மாட்டியிருந்த நச்சுப்புகை அலாரம் கீச்சென்று அலறியது.

"ஒரு மூச்சு நின்னுடக் கூடாதுன்னு வாங்கினதே மூச்சை நிறுத்தப் பார்க்குதே!" என்று நூலகர் தலையில் கை வைத்தார்.

"ம்," என்றார் மாமனார்.

அந்த ஒரு எழுத்துக்குள் எவ்வளவு கேலி அடங்கும் என்பது மாப்பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை புகைக்குக் குழாய் வைத்தார்கள். ஜன்னலைத் தாண்டி நீட்டிய குழாய், தையல்காரம்மா காயப்போட்டிருந்த ஆறு வெள்ளைச் சட்டைகளைச் சாம்பல் நிறமாக்கியது. செவ்வாய்க்கிழமை குழாயைத் தரைப்பக்கம் வளைத்தார்கள். புதன்கிழமை சத்தத்துக்காக ஒரு மரப்பெட்டி. உள்ளே நாலு பக்கமும் கனமான பஞ்சு ஒட்டி, ஜெனரேட்டருக்கு மேல் கவிழ்த்தார் நூலகர். அவரே அறுத்து, அவரே ஆணி அடித்து, இரண்டு விரல் நகமும் கறுத்துப்போயிருந்தது. ஆனால் சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. கறுத்த விரலைத் தடவிக்கொண்டே ஐந்து நிமிஷம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"பெட்டிக்குள்ள காத்து எப்படிப் போகும் சார்?" என்றார் வெல்டர்.

"ஓட்டை போட்டிருக்கேனே."

"எத்தனை?"

"நாலு."

வெல்டர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் வெல்டரைப் பார்த்தார். "ம்," என்றார்கள் இருவரும்.

வியாழக்கிழமை மதியம் கடைசி ஒத்திகை. மறுநாள் விடிந்தால் பயணம். மாமனார் ஒரு மணி நேரம் உள்ளே மெஷினோடு படுத்துத் தூங்கிக் காட்டுவது என்று ஏற்பாடு. தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினார். கதவு ஓட்டத்தில் திறந்துகொள்ளாமல் இருக்க நூலகர் புதிதாக மாட்டியிருந்த தாழ்ப்பாள், உள்பக்கம் 'டக்' என்று விழுந்தது.

ஜெனரேட்டர் ஓடியது. மெல்லிய உறுமல், அவ்வளவுதான். நூலகர் கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

மாமியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்காருவதும், எழுந்து போய் ஜன்னல் கொசுவலையில் காதை வைப்பதுமாக இருந்தார். "மெஷின் சத்தமே கேக்கலையே மாப்பிள்ளை?"

"பெட்டி போட்டிருக்கேன்ல அத்தை, எல்லாமே அமைதியாத்தான் இருக்கும்."

"இவ்வளவு அமைதி எதுக்கு? என்னங்க! மூச்சு வருதா?"

"அம்மா, அப்பா தூங்கட்டும்மா!" என்றாள் நூலகரின் மனைவி.

"தூங்கறார்னு எப்படிடி தெரியும்?"

நாற்பதாவது நிமிஷம் பெட்டியிலிருந்து சுட்ட ரப்பர் வாசனை வந்தது. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமியது. நின்றுவிட்டது.

அந்த அமைதி இருக்கிறதே, நூலகர் வாழ்க்கை முழுக்க ஆசைப்பட்ட அமைதி அதுதான். வந்த நேரம்தான் சரியில்லை.

பெட்டியைத் தூக்கப் பார்த்தார், சுட்டது. பக்கவாட்டு ஓட்டைக்குள் கையை விட்டுக் கயிற்றை இழுத்தார். கயிறு மட்டும் கையோடு வந்தது. கயிறும் கையுமாகக் கதவுக்கு ஓடினார். தாழ்ப்பாள் அசையவில்லை. திருடனே வந்தாலும் திறக்க முடியாது என்று அவரே தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட தாழ்ப்பாள்.

"மாமா! மாமா! எந்திரிங்க மாமா!"

பதில் இல்லை.

"ஐயோ, மூச்சு நின்னுடுச்சா?" என்று மாமியார் கதறினார். தையல்காரம்மா கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். வெல்டர் கம்பியைத் தேடி ஓடினார். நூலகர் யாருக்கும் காத்திருக்கவில்லை. கத்தரிக்கோலைப் பிடுங்கி ஜன்னல் கொசுவலையைக் கிழித்தார், தலையை உள்ளே விட்டார், தோளை விட்டார், இடுப்போடு மாட்டிக்கொண்டார். பாதி மனுஷன் தெருவில் காலை உதறிக்கொண்டிருக்க, மீதி மனுஷன் மாமனாரின் முகத்துக்கு ஒரு சாண் மேலே தொங்கினார்.

மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார்.

மாஸ்க் அவர் நெற்றியில் மூக்குக்கண்ணாடி மாதிரி ஏற்றிவிடப்பட்டிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. அழகான, சீரான மூச்சு. கட்டில் ஓரத்தில் மெஷின் இருந்தது. அதன் ஒயர் வீட்டிலிருந்து கொண்டுவந்தபடியே சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு இருந்தது. பிளக் எதிலும் மாட்டப்படவே இல்லை.

"மாமா…"

மாமனார் ஒரு கண்ணைத் திறந்தார். மேலே தொங்குகிற மருமகனைப் பார்த்தார். கிழிந்த கொசுவலையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை!" வெளியே மாமியாரின் குரல் உடைந்தது. "மூச்சு வருதா, இல்லையா? சொல்லுங்க!"

"வருது அத்தை!" என்று கத்திய நூலகர், குரலை இறக்கி, "மாமா, பிளக்கே மாட்டலையே மாமா!" என்றார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

மாமனார் உதட்டில் விரலை வைத்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் மருமகனிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதன் பிறகு வந்தது.

"டாக்டர் எனக்கு இது வேணாம்னு சொல்லி ரெண்டு வருஷமாச்சு மாப்பிள்ளை, ராத்திரி ஏதாவது இரைஞ்சாத்தான் உங்க அத்தை தூங்குவான்னு ஓட்டிட்டிருக்கேன், உங்க ஜெனரேட்டரே அதுக்குப் போதும், அந்தப் பெட்டியை மட்டும் கழட்டிடுங்க, சத்தம் பத்தல."