ஆட்டு வயிற்றில் மின்சாரம்

பெண் வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, உதயகுமார் தன் அறைக்குள் ஓர் ஆட்டு வயிற்றை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றான்.

சாயங்காலம் வருவதாகச் சொன்னவர்கள், பெண்ணையும் கூட்டிக்கொண்டு மாகறல் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். வயிற்றோடு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பியவன் வசமாக மாட்டிக்கொண்டான். அமிலம் சுரக்கும்போது வயிற்றின் உள்தோல் வழியாக அயனிகள் எப்படிப் போய்வருகின்றன, அதனால் எவ்வளவு மின்னழுத்தம் உண்டாகிறது என்பது அவனுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. அதற்காக வாராவாரம் பாய் கறிக்கடையில் புது ஆட்டு வயிறு வாங்குவான். ஆனால் அவன் குடும்பம் தறி போட்ட நாளிலிருந்து சுத்த சைவம். வரப்போகிற சம்பந்தி அதற்கும் மேலே என்று தரகர் சொல்லியிருந்தார். அம்மா ஜெயம்மாளோ, பிள்ளை ஏதோ கரண்டு படிப்பு படிக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

பெண் புவனேஸ்வரியின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு மீட்டரில் ஓடும் எண்கள் கண்ணில் படவில்லை. இந்தச் சம்பந்தமும் கைநழுவினால் தாங்கமாட்டான், பாவம்.

அதற்காகத் தோலைச் சாகவிடவும் மனமில்லை. உப்புத் தண்ணீர் ஜாடியில் அதைப் போட்டு, காற்று ஊத மீன்தொட்டி மோட்டாரைச் செருகி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தான்.

மோட்டார் கொர்ரென்று ஓடியது. அது என்ன சத்தம் என்று பெண்ணின் அப்பா கலியாணசுந்தரம் கேட்டார். மீன்தொட்டி என்றான். பெண்ணின் அத்தை நீலாம்பாள், மீன் பார்க்க வேண்டுமென்று எழுந்தாள். மீனுக்கு உடம்பு சரியில்லை என்றான். அப்படியென்றால் மஞ்சள்தூள் போடலாம் என்று, சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குள் போயே விட்டாள். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக்கொடுத்தால் இப்படித்தான், கடைசியில் கூரையே தலையில் விழும்.

ஜாடி கூடத்துக்கு வந்தது.

“இது மீனில்லப்பா. ஆட்டு வயிறு,” என்றாள் நீலாம்பாள்.

ஜெயம்மாள் பலகாரத் தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதயகுமார் அவசரமாக எழுந்தான். எல்லாம் ஆராய்ச்சிக்குத்தான் என்று நிரூபிக்க, பையிலிருந்து மீட்டரை எடுத்துத் தோலின் இரண்டு பக்கமும் கம்பியை வைத்தான். ஹைட்ரஜன் அயனி வெளியே போகிறது, பொட்டாசியம் உள்ளே வருகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னான். எண் ஏறியது.

“பாருங்க, கரண்டு காட்டுது. இன்னும் உசிரோட இருக்குது,” என்றான் பெருமையாக.

“உசிரோட வச்சிக்கினா கட்டிலுக்கு அடியில படுக்க வச்ச?” என்று ஜெயம்மாள் அழ ஆரம்பித்தாள்.

இனி ஒரே வழிதான் இருந்தது. கலியாணசுந்தரத்தின் முன்னால் போய்க் கைகூப்பி நின்றான்.

“ஏகாம்பரநாதர் மேல சத்தியமா சொல்றேங்க. இது சாப்பிடறதுக்கு இல்ல. இதுவரைக்கும் ஒரு துண்டு என் நாக்குல பட்டதில்ல. இனிமேலும் படாது.”

அதுவரை நிதானமாக உட்கார்ந்திருந்த கலியாணசுந்தரத்தின் முகம் அப்போதுதான் சுருங்கியது. மகளைப் பார்த்தார். புவனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டு எழுந்தார்.

உதயகுமாருக்கு அவனுடைய சொந்த அமிலம் தொண்டை வரைக்கும் வந்தது. உண்மையைச் சொன்னதற்கா இந்தத் தண்டனை என்று நினைத்துக்கொண்டே வாசல்வரை பின்னாலேயே போனான்.

நீலாம்பாள் செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணன் காதில் முணுமுணுத்தாள்.

“பையன் வாராவாரம் ஆட்டு வயிறு வாங்கறான்னு பாய் சொன்னத நம்பித்தானேண்ணா, நம்ம பொண்ணு போற எடத்துலயும் நம்மள மாதிரியே திருட்டுத்தனமாவாவது கறி தின்னும்னு ஓடியாந்தோம், இவரு என்னடான்னா நெசமாவே சைவமா இருக்காரு.”